புல்லட் எத்தனை நிமிடத்தில் நிற்கிறது?

பழைய புல்லட் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டால் மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி, "கரண்ட் வரலையா, பெட்ரோல் வரலையா?" என்பதுதான். நிரந்தரமான பழுது என்றால் இந்தக் கேள்வியே அதைப் பிடித்துவிடும். ஆளைப் படுத்துவது வந்து வந்து போகிற பழுது. வண்டி பத்து கிலோமீட்டர் ஓடும், நிற்கும். கால்மணி நேரம் நிழலில் விட்டால் ஒரே உதையில் கிளம்பும். பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே சமர்த்தாக ஓடும். பிளக்கில் கரண்ட் இருக்கிறது, கார்ப்பரேட்டரில் பெட்ரோல் இருக்கிறது, குறையொன்றும் இல்லை என்று அனுப்பிவைப்பார்கள். திரும்பும் வழியில் மறுபடி நிற்கும்.

இத்தகைய பழுதிடம் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டும். கிளம்பி எவ்வளவு நேரத்தில் நின்றது? நின்று எவ்வளவு நேரத்தில் மறுபடி உயிர் வந்தது? இன்ஜினில் நடக்கும் ஒவ்வொரு காரியத்துக்கும் அதற்கே உரிய வேகம் உண்டு. ஒரு ஒயர் விட்டுப்போக நொடியில் நூறில் ஒரு பங்கு போதும். கார்ப்பரேட்டர் கிண்ணம் காலியாக ஒரு நிமிடம் ஆகும். காயில் முழுதாகச் சூடேற அரைமணி நேரம்கூடப் பிடிக்கும். ஆகவே நேரம் தெரிந்தால், எந்தக் காரியம் கெட்டது என்பது பாதி தெரிந்த மாதிரி.

திருவொற்றியூர் வழி வந்த இங்கிலீஷ் வண்டி

பழைய பிரிட்டிஷ் பைக் என்றதும் பி.எஸ்.ஏ., நார்டன், டிரையம்ஃப், மேட்ச்லெஸ் என்று பெயர்கள் வரிசையாக வரும். நம் சாலைகளில் இன்றும் வேலைக்குப் போய்வருகிற பிரிட்டிஷ் இன்ஜின் என்றால் அது புல்லட்தான். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் 1901-இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்த ராயல் என்ஃபீல்டு, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர, என்ஃபீல்டு இந்தியா பிறந்தது. திருவொற்றியூரில் முதலில் இங்கிலாந்துப் பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு கருவிகளும் அச்சுகளும் வந்துசேர, முழு வண்டியும் இங்கேயே தயாரானது. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு தயாரிப்பே நின்றது. ஆனால் 70 மி.மீ. துளையும் 90 மி.மீ. ஓட்டமும் கொண்ட அந்த 346 சி.சி. வார்ப்பிரும்பு இன்ஜின், பெரிய மாற்றம் எதுவுமில்லாமல் இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள் வரை திருவொற்றியூரிலிருந்து வந்துகொண்டிருந்தது.

மின்சாமான்களின் கதையும் ஏறக்குறைய இதுதான். பிரிட்டிஷ் வண்டிகளுக்கு விளக்கும் காயிலும் டைனமோவும் செய்து தந்தது பர்மிங்ஹாமின் லூகாஸ். நடுச்சாலையில் விளக்கணைந்து நின்ற ஓட்டுநர்கள் அதன் நிறுவனர் ஜோசப் லூகாஸுக்கு 'இருளின் இளவரசர்' என்றே பட்டம் சூட்டிவிட்டார்கள். அந்த லூகாஸ் 1961-இல் டி.வி.எஸ். குழுமத்துடன் சேர்ந்து லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. ஆலை சென்னையை ஒட்டிய பாடியில் எழுந்தது.

இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த, 1980-களில் செய்த ஒரு புல்லட் இன்று ஹைதராபாத்தின் ஜீடிமெட்லாவில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நகரத்தின் வடமேற்கில் உள்ள பெரிய தொழிற்பேட்டை அது. பக்கத்துப் பாலாநகரில் 1968-இல் தொடங்கிய மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனம் இருக்கிறது. சுற்றிலும் கடைசல் பட்டறைகளும் மருந்து ஆலைகளும். தேய்ந்த புஷ்ஷுக்கு மாற்றுக் கடைந்து வாங்குவது இங்கே பெரிய காரியமில்லை. ஆனால் நின்று நின்று போகிற இன்ஜினுக்கு இந்த இடம் கடுமையான தேர்வுக்கூடம். பாலாநகரிலிருந்து சிந்தல், ஷாப்பூர் நகர் வழியாக வரும் சாலையில் லாரிகளுக்குப் பின்னால் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்தே வர வேண்டியிருக்கும். புல்லட் இன்ஜினைக் குளிர வைப்பது எதிர்க்காற்று ஒன்றுதான். ஊர்ந்து போகும்போது அந்தக் காற்று இல்லை. மே மாதத்தில் நிழலிலேயே வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கும் மேலான உயரம் என்பதால் காற்றும் சென்னையைவிட ஐந்து விழுக்காடு அளவுக்கு அடர்த்தி குறைந்தது. சென்னையில் டியூன் செய்த வண்டிக்கு இவை அத்தனையும் புதிது.

நொடிக்கும் குறைவான பழுது

இன்ஜின் ஓட மூன்று வேண்டும்: சரியான நேரத்தில் தீப்பொறி, சரியான விகிதத்தில் பெட்ரோலும் காற்றும், சிலிண்டருக்குள் போதுமான அழுத்தம். முதலில் தீப்பொறி.

மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்தூண்டல்தான் அடிப்படை. பேட்டரியிலிருந்து மூன்று, நான்கு ஆம்பியர் மின்னோட்டம் காயிலின் தடித்த கம்பிச் சுற்றில் ஓடுகிறது. அங்கே காந்தப்புலம் உருவாகி, சில பத்து மில்லிஜூல் ஆற்றல் அதில் தேங்குகிறது. சரியான கணத்தில் பாயிண்ட் திறந்து மின்னோட்டத்தை அறுக்கிறது. காந்தப்புலம் சடாரென்று சரிய, மெல்லிய கம்பிச் சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழுந்து பிளக்கின் இடைவெளியைத் தாண்டுகிறது.

புலம் எவ்வளவு வேகமாகச் சரிகிறதோ அவ்வளவு வோல்ட் எழும். இங்கேதான் கண்டன்சருக்கு வேலை. பாயிண்ட் திறக்கும்போது மின்னோட்டம் உடனே நின்றுவிட மறுக்கும். திறக்கும் முனைகளுக்கு நடுவே பொறியாகப் பாய்ந்து ஓடப் பார்க்கும். அப்படி ஓடினால் புலம் மெதுவாகச் சரியும், முனைகளும் கருகும். கண்டன்சர் அந்த மின்னோட்டத்தை ஒரு கணம் தன்னிடம் வாங்கிக்கொள்கிறது. அதற்குள் முனைகள் போதுமான அளவு விலகிவிடும். தூண்டல் சுருளில் கண்டன்சரைச் சேர்க்கும் இந்த யோசனையை 1853-இல் சொன்னவர், ஒளியின் வேகத்தை அளந்த அதே பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிசோ.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு தீப்பொறி. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 25 பொறி, அதாவது ஒவ்வொன்றுக்கும் 40 மில்லி நொடி. பள்ளத்தில் வண்டி குலுங்கி ஒயர் பத்தில் ஒரு நொடி விட்டுச் சேர்ந்தாலே இரண்டு மூன்று பொறி போய்விடும். ஓட்டுபவருக்கு அது ஒரு வெட்டாகத் தெரியும். விட்ட ஒயர் சேராவிட்டால் இன்ஜின் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், சுவிட்சை அணைத்தது போலவே நிற்கும்.

ஆக, முதல் வகைச் சாவு இது: சட்டென்று நிற்பது, இருமல் இல்லை, திணறல் இல்லை. சூட்டுக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. பள்ளத்துக்கும் ஹேண்டில் திருப்புவதற்கும் தொடர்பு அதிகம். கிளம்பிய இரண்டாம் நிமிடமும் நிற்கலாம், இருபதாம் கிலோமீட்டரிலும் நிற்கலாம். நேரத்துக்கு ஒழுங்கே இருக்காது. அந்த ஒழுங்கின்மையே துப்பு. சந்தேகப்பட வேண்டியவை: ஹெட்லைட் கூட்டுக்குள் ஹேண்டிலோடு சேர்ந்து மடங்கி நிமிரும் ஒயர்கள், தேய்ந்த சாவி சுவிட்ச், ஃபியூஸின் தளர்ந்த பிடி, துருப்பிடித்த எர்த். இன்ஜின் ஓடும்போது ஹேண்டிலை முழுக்க இடமும் வலமும் திருப்பிப் பார்த்தால், ஒயர்க் கட்டை ஒவ்வொரு இடமாக அசைத்துப் பார்த்தால், பழுது தன் இருப்பிடத்தைக் காட்டிவிடும்.

இதற்கு வண்டியிலேயே ஒரு கருவி இருக்கிறது: ஹெட்லைட்டின் மேல் பதித்த அம்மீட்டர். சாவியைப் போட்டு கிக்கரை மெல்ல அழுத்தினால், பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் 'மைனஸ்' பக்கம் சாயும். திறந்ததும் நடுவுக்குத் திரும்பும். சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரசரைப் பிடித்துக்கொண்டு முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை இறக்கி, பிறகு உதைப்பது புல்லட்காரர்களின் பழைய வித்தை. அதே முள் பழுதையும் சொல்லும். சாயவே இல்லை என்றால் எங்கோ ஒயர் விட்டிருக்கிறது, அல்லது பாயிண்ட் முனையில் அழுக்கு. சாய்ந்தபடியே ஒட்டிக்கிடந்தால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டன்சர் உள்ளே ஷார்ட் ஆகிவிட்டது.

பாயிண்ட் திறக்காமல் போகக் காரணம் பெரும்பாலும் தேய்மானம். அதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும். கேம் மேல் உரசும் குதிகாலுக்குக் கிரீஸ் இல்லாவிட்டால் அது தேயத் தேய இடைவெளி சுருங்கும். தீப்பொறி பிந்தும், இழுவை குறையும், கடைசியில் வண்டி நிற்கும். நிற்பதற்கு முன்னால் பல வாரம் இழுவை குறைந்து வந்ததா என்று உரிமையாளரைக் கேட்டால் விடை கிடைத்துவிடும்.

ஒரு நிமிடப் பழுது

இரண்டாம் வகைச் சாவு திணறிச் சாவது. வேகம் தளரும், ஆக்சிலரேட்டரைத் திருகினால் இன்னும் மோசமாகும், கார்ப்பரேட்டர் வழியே ஓரிரு தும்மல் வரும், பிறகு அடங்கும். அப்படியே ஒரு நிமிடம் நிறுத்திவைத்தால் மறுபடி கிளம்பும். சற்றுத் தூரம் போய் அதே போல் நிற்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 35 கிலோமீட்டர் தரும் புல்லட் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நிமிடத்துக்குச் சுமார் 24 மில்லி பெட்ரோல் குடிக்கும். கார்ப்பரேட்டரின் மிதவைக் கிண்ணம் பிடிப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே டேங்கிலிருந்து வரத்து நின்றால் ஓட்ட வேகத்தில் வண்டிக்கு இருக்கும் ஆயுள் சுமார் ஒரு நிமிடம். ஐட்லிங்கில் விட்டால் பல நிமிடம் தாங்கும். மெதுவாகப் போனால் ஓடுகிறது, விரட்டினால் நிற்கிறது என்பவரின் வண்டியில் வரத்து அடியோடு நிற்கவில்லை, குறைந்திருக்கிறது என்று பொருள். டேப்பின் வடிகட்டியில் டேங்க் துரு, ட்யூபில் மடிப்பு, மிதவை ஊசியில் அடைப்பு. மழைக்காலம் என்றால் கிண்ணத்தின் அடியில் தண்ணீர்.

இந்த வகையில் பலரையும் ஏமாற்றுவது டேங்க் மூடியிலுள்ள சிறு காற்றுத் துளை. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் விட்டு விட்டுத்தான் வரும். எதிர்மூலையில் இன்னொன்று போட வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். டேங்க் மூடியின் துளை அந்த இரண்டாவது ஓட்டை. அது தூசியில் அடைபட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். பெட்ரோலைக் கீழே தள்ளுவது அதன் எடை மட்டுமே. டேங்குக்கும் கார்ப்பரேட்டருக்கும் 25 செ.மீ. உயர வேறுபாடு இருந்தால் அந்தத் தள்ளுதல் 1.8 கிலோபாஸ்கல், வளிமண்டல அழுத்தத்தில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. டேங்கினுள் அழுத்தம் அவ்வளவு குறைந்தாலே பெட்ரோல் இறங்காது.

அதற்கு உள்ளே இருக்கும் காற்று இரண்டு மூன்று விழுக்காடு விரிந்தால் போதும். பாதி டேங்க் காலியாக, ஏழு லிட்டர் காற்று இருந்தால் கிட்டத்தட்ட 200 மில்லி பெட்ரோல் போன பிறகே அந்த நிலை வரும். ஆறேழு கிலோமீட்டர் ஓடியிருக்கும். விளிம்பு வரை நிரப்பி, அரை லிட்டர் காற்றுதான் இருக்கிறது என்றால் 15 மில்லியிலேயே வந்துவிடும். பங்க்கில் டேங்கை நிரப்பிக்கொண்டு வெளியே வந்ததும் நிற்கிற வண்டியின் ரகசியம் பெரும்பாலும் இதுதான். பழி பெட்ரோல் பங்க்கின் மேல் விழும். மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போவது கேட்கும். நல்ல வெயிலில் டேங்க் சூடாகி ஆவியழுத்தம் கூடும்போது இந்தப் பழுது தானாக மறைவதும் உண்டு. காலையில் நிற்கும், நண்பகலில் ஓடும்.

அரைமணி நேரப் பழுது

மூன்றாம் வகைக்குச் சூடு காரணம். கிளம்பும்போது எல்லாம் சரி; இருபது, முப்பது நிமிடம் ஓடிய பிறகு வெட்டத் தொடங்கும், நிற்கும். ஆறினால் ஓடும். இரண்டாம் முறை முன்னைவிடச் சீக்கிரம் நிற்கும், ஏனென்றால் வண்டி முழுதாக ஆறியிருக்காது. இப்படி ஓடும் நேரம் குறைந்துகொண்டே வந்தால் சூட்டைத் தவிர வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

சூடு எதையெல்லாம் கெடுக்கும்? முதலாவது கண்டன்சர். சுருட்டிய உலோகத் தகடுகளுக்கு நடுவே மெல்லிய காப்புப் பொருள் என்பதுதான் அதன் கட்டமைப்பு. பழசானால், ஈரம் புகுந்தால், சூட்டில் காப்பு தளர்ந்து மின்சாரம் கசியும். பாயிண்டில் வெளுத்த நீலப் பொறி கண்ணுக்குத் தெரியும். பிளக்கில் வரும் பொறி மெலிந்து மஞ்சளாகும். ஆறிய கண்டன்சரை மல்டிமீட்டரில் வைத்தால் நல்லது என்றே காட்டும். மீட்டர் கொடுப்பது சில வோல்ட்; ஓடும்போது கண்டன்சர் தாங்குவது இருநூறு, முந்நூறு வோல்ட். இரண்டாவது காயில். உள்ளே மெல்லிய கம்பியின் ஒரு சுற்று சூட்டில் விரிந்து விட்டுப்போகலாம், அல்லது பக்கத்துச் சுற்றோடு சேர்ந்துவிடலாம். 1950-களுக்கு முந்தைய பிரிட்டிஷ் வண்டிகளின் மேக்னட்டோவில் இந்த இரண்டும் ஒன்றாகவே குடியிருந்தன: சுருளும் கண்டன்சரும் சுழலும் ஆர்மேச்சருக்குள். அரக்கு பூசிய அந்தச் சுருள்கள் சூட்டில் இளகிக் காப்பை இழப்பது பழைய பி.எஸ்.ஏ., நார்டன் வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த தொல்லை.

இங்கே ஒரு பொறியில் மெக்கானிக்குகள் அடிக்கடி சிக்குகிறார்கள். பிளக்கைக் கழற்றி ஹெட்டின் மேல் வைத்து உதைத்து, பொறி வந்தால் கரண்ட் சரி என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். ஜெர்மானிய இயற்பியலாளர் பாஷன் 1889-இல் காட்டியது இது: பொறி தாண்டத் தேவையான வோல்ட், இடைவெளியோடு காற்றழுத்தத்தையும் பொறுத்தது. வெளிக்காற்றில் அரை மி.மீ. இடைவெளியைத் தாண்ட இரண்டரை ஆயிரம் வோல்ட் போதும். சிலிண்டருக்குள் அழுந்திய கலவையில் அதே இடைவெளிக்குப் பல மடங்கு வேண்டும். தளர்ந்த காயில் முதல் தேர்வில் தேறும், இரண்டாவதில் தோற்கும். ஆகவே வெளியே சோதிக்கும்போது ஐந்தாறு மி.மீ. இடைவெளி வைத்தே சோதிக்க வேண்டும். அதைத் தாண்டும் பொறிதான் சிலிண்டருக்குள்ளும் பிழைக்கும்.

சூடு பெட்ரோலையும் விடாது. பெட்ரோல் பல திரவங்களின் கலவை. அதில் இலேசானவை 40 டிகிரியை ஒட்டியே ஆவியாகத் தொடங்கும். ஓடும் வண்டியின் கார்ப்பரேட்டரைக் காற்றும், ஆவியாகும் பெட்ரோலும் குளிர வைக்கின்றன. நிறுத்திய பிறகு அந்தக் குளிர்ச்சி போய், ஹெட்டின் சூடு மெல்லப் பரவி கார்ப்பரேட்டருக்கு வரும். எனவே ஐந்து பத்து நிமிடம் டீக்கடையில் நின்று வந்த பிறகுதான் நிலைமை மோசமாக இருக்கும். சூடான மின்சாமான் ஓடும்போது நிறுத்தும், ஆறினால் ஓடும். ஆவியான பெட்ரோல் நன்றாக ஓடிவந்த வண்டியைக் கொஞ்சம் நிறுத்தி எடுக்கும்போது படுத்தும். இரண்டுக்கும் காரணம் வெப்பமே ஆனாலும் நேரம் நேர்மாறு. கார்ப்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் இடையில் வெப்பத்தைத் தடுக்க வைத்த தடித்த பேக்கிங்கை யாரோ எடுத்துவிட்டு மெல்லிய காகித பேக்கிங் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது நல்லது.

இப்போது இதில் எத்தனாலும் சேர்ந்திருக்கிறது. இந்தியாவில் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் 2025-இல் 20 விழுக்காட்டை எட்டியது. தனியாக 78 டிகிரியில் கொதிக்கும் எத்தனால், பெட்ரோலின் இலேசான பகுதிகளோடு கலந்ததும் அவற்றோடு சேர்ந்து இன்னும் குறைந்த வெப்பத்தில் ஆவியாகும். எரியத் தேவையான காற்றும் வேறு. சுத்தப் பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். 20 விழுக்காடு எத்தனால் கலந்தால் சுமார் 13.5 போதும். அதே காற்றுக்குச் சுமார் ஒன்பது விழுக்காடு கூடுதல் எரிபொருள் தேவை. கார்ப்பரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் 1980-களின் ஜெட்டுக்கு அது தெரியாது. கலவை மெலிந்து இன்ஜின் கூடுதலாகச் சூடேறும். ஹைதராபாத்தின் உயரம் இதில் ஒரு சிறு உதவி செய்கிறது. காற்றின் அடர்த்தி குறைவதால் கலவை இரண்டு மூன்று விழுக்காடு செறிவாகும். மீதியை ஜெட் மாற்றித்தான் சரிக்கட்ட வேண்டும். பழைய ரப்பர் ட்யூபும் வாஷரும் எத்தனாலில் உப்பிச் சிதைவதும், டேங்கின் அடியில் பிடித்த பழைய கசடு பெயர்ந்து வந்து ஜெட்டை அடைப்பதும் தனிக் கணக்கு.

மூன்றாவதாக, அழுத்தம். புல்லட்டின் டேப்பட் ஆறிய இன்ஜினில் இடைவெளி இல்லாமல், ஆனால் புஷ்ராடு விரலால் சுழலும்படி வைக்கப்பட வேண்டும். அதைவிட இறுக்கினால் சூட்டில் வால்வுத் தண்டு நீண்டு, வால்வு முழுதாக மூடாது. அழுத்தம் கசிந்துவிடும். இதைக் கண்டுபிடிக்கக் கருவியே வேண்டாம். நின்றவுடன் கிக்கரில் கால் வைத்தால் வழக்கமான எதிர்ப்பு இருக்காது. அதற்கு நேர்மாறாக, யாரோ பிரேக் பிடித்தது போல இன்ஜின் இழுத்துப் பிடித்து நின்றால் பிஸ்டன் ஜாம் ஆகத் தொடங்கிவிட்டது. உடனே கிளட்சைப் பிடிக்க வேண்டும். அங்கே மறுபடி உதைத்துப் பார்ப்பது சோதனை ஆகாது, சேதம்தான்.

அழியும் சான்றை முதலில் எடு

சாலையோரத்தில் எதை முதலில் பார்ப்பது? எது சீக்கிரம் மறையுமோ அதை. நின்ற கணத்திலேயே அம்மீட்டர் முள்ளையும் ஹாரனையும் பார்த்துவிட வேண்டும். ஹாரனும் அடிக்கவில்லை என்றால் பேட்டரி, ஃபியூஸ், சுவிட்ச் வரைக்கும்தான் தேட வேண்டும். அடுத்தது கிக்கரின் எதிர்ப்பு. அதற்கு அடுத்து டேங்க் மூடி. அதைத் திறப்பதே பழுதை நீக்கிவிடும் என்பதால், காதைக் கிட்ட வைத்துக்கொண்டு மெல்லத் திறக்க வேண்டும். பின்னர் பழைய அமால் கார்ப்பரேட்டர் என்றால் டிக்ளரை அழுத்திப் பெட்ரோல் வழிகிறதா என்றும், மற்றவற்றில் கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தியும் பார்க்கலாம்.

பிளக் கடைசியில். சுடும் என்பதால் துணியால் பிடித்துக் கழற்ற வேண்டும். ஈரமாக, பெட்ரோல் வாடையோடு இருந்தால் எரிபொருள் வந்திருக்கிறது, பொறிதான் இல்லை. காய்ந்திருந்தால் எரிபொருள் வரவில்லை. பொறி பார்க்கும்போது சிந்திய பெட்ரோலிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். சோதனையே தீவிபத்தாகிவிடக் கூடாது. இத்தனைக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஆகவும் கூடாது. அதற்குமேல் வண்டி ஆறத் தொடங்கும், சான்று கரையத் தொடங்கும்.

பட்டறையில் இதை நிதானமாகச் செய்ய வழி இருக்கிறது. ஐட்லிங்கில் ஓடும்போது ஹேர் டிரையரால் கண்டன்சரை மட்டும் சூடாக்கலாம். நிற்கவில்லை என்றால் காயிலை. சாலையில் என்றால் தலைகீழாக: நின்ற வண்டியின் காயில் மேல் மட்டும் ஈரத்துணி போட்டுப் பார்க்கலாம், அடுத்த முறை கார்ப்பரேட்டர் மேல். எதைக் குளிர வைத்தால் உயிர் வருகிறதோ அதுதான் குற்றவாளி. ஒரு முறைக்கு ஒன்றை மட்டுமே தொட வேண்டும்.

யாருக்குப் போகும் பெயர்?

தானே சரியாகிவிடும் பழுதுக்கு ஒரு தந்திரம் உண்டு: கடைசியாகக் கை வைத்ததற்குப் பெயர் வாங்கிக் கொடுத்துவிடும். வண்டி நின்றது, புது பிளக் போட்டார்கள், கிளம்பிவிட்டது. பிளக்தான் கோளாறு என்று முடிவாகும். பிளக் மாற்றிய நேரத்தில் காயில் ஆறியிருக்கிறது என்பது யாருக்கும் தோன்றாது. அடுத்த முறை கார்ப்பரேட்டர் சுத்தம் செய்வார்கள், அதற்கும் அரைமணி நேரம் ஆகும், வண்டி கிளம்பும். இப்படியே பிளக், பாயிண்ட், கார்ப்பரேட்டர், பேட்டரி என்று வரிசையாக மாற்றிப் பணம் போகும். ஒவ்வொன்றும் பலித்த வைத்தியம் போலவே தெரியும். மருந்து ஆய்வில், தானாகக் குணமாகும் நோய்க்குக் கொடுத்த மருந்தை ஒப்பீட்டுக் குழு இல்லாமல் நம்புவதில்லை. அதே காரணம் இங்கேயும் பொருந்தும்.

புல்லட்டுக்கு ஒப்பீட்டுக் குழு அமைக்க முடியாது. ஆனால் ஒன்று செய்யலாம். கண்டன்சரை மாற்றியதும் வண்டி ஒரு வாரம் நிற்காமல் ஓடுகிறதா? பழைய கண்டன்சரை மறுபடி பூட்டி, அதே சாலையில், அதே வெயிலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இருபத்தைந்தாவது நிமிடத்தில் வழக்கம்போல் நின்றால்தான் குற்றம் நிரூபணம் ஆனதாகப் பொருள். நிற்காவிட்டால், நாம் மாற்றியது நல்ல சாமானை. பழுது இன்னும் வண்டிக்குள் எங்கோ இருக்கிறது. நேரம் கையில் இருப்பவர் செய்யும் வீண்வேலை போல இது தோன்றலாம். நான்கு சாமான்களை அடுத்தடுத்து மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் வீண் எது என்று தெரியும்.

2009-இல் ராயல் என்ஃபீல்டு இந்தியாவில் அறிமுகம் செய்த கிளாசிக் 500 எரிபொருளைத் தெளிக்கும் மின்னணு முறையோடு வந்தது. இத்தகைய வண்டிகளில் கணினியே பிழைக் குறியீட்டைப் பதிந்துவைக்கிறது. பாயிண்டும் கார்ப்பரேட்டரும் உள்ள வண்டியில் அந்தப் பதிவேட்டை ஓட்டுபவர்தான் எழுத வேண்டும். கிளம்பிய நேரம், நின்ற நேரம், நின்ற விதம், மறுபடி கிளம்பிய நேரம், டேங்கில் எவ்வளவு பெட்ரோல், எந்தச் சாலை, என்ன வெயில்: ஒரு பழைய டைரியில் ஏழு கட்டம். நான்கைந்து வரிசை நிரம்பினாலே, நேரத்தில் ஒழுங்கு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். ஒழுங்கு இல்லையென்றால் ஒயரைத் தேடலாம். டேங்க் நிரப்பிய நாள்களில் மட்டும் நிற்கிறதென்றால் மூடியைப் பார்க்கலாம். ஓடும் நேரம் ஒவ்வொரு முறையும் குறைந்து வருகிறதென்றால் சூடாகும் சாமானைத் தேடலாம். அந்தத் தாளோடு பட்டறைக்குப் போனால், வண்டி அங்கே சமர்த்தாக ஓடினாலும் மெக்கானிக் அதை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப மாட்டார்.